கூடார வண்டிலின் ஓராண்டு

இத்தொடரில் இதுவரை ஏட்டுச் சுவடிகளைப் பற்றியும் பழைய பதிப்புகளைப் பற்றியும் பேசிவந்தோம். இன்று நான் எடுத்துக்கொள்ளும் நூல் அத்தகைய பெருமை எதுவும் இல்லாதது. அது ஒரு வாக்கிய பஞ்சாங்கம். மன்மத வருடத்துக்குரியது, அதாவது 1955 சித்திரை முதல் 1956 பங்குனி வரை. அட்டை கழன்றுவிட்டது. செல்லரித்த ஓரங்களில் கறுத்த மையினால் என் பேரனார் எழுதிவைத்த குறிப்புகள் மட்டும் இன்னும் வாசிக்கக்கூடியனவாய் உள்ளன. என் தந்தையாரின் தகப்பனாரான அவரை வீட்டில் நாங்கள் எல்லோரும் அப்பு என்றே அழைப்போம். உரும்பிராயில் புகையிலைத் தோட்டமும் ஒரு சோடி மாடும் ஒரு கூடார வண்டிலும் வைத்திருந்த கமக்காரர் அவர்.

அப்பு படிப்பாளி அல்லர். கதை, கவிதை எதுவும் எழுதியவரும் அல்லர். அந்த ஆண்டு அவருடைய வண்டில் எந்தெந்த நாளில் எந்தெந்தக் கோயிலுக்குப் போயிற்று, எத்தனை வண்டில் கூடப் போயின, எங்கே மாடு அவிழ்த்தார்கள், எங்கே உலை வைத்தார்கள், வைக்கோலுக்கும் தேங்காய்க்கும் கற்பூரத்துக்கும் என்ன செலவு என்பதுதான் குறிப்பு. ஒவ்வொரு மாதப் பக்கத்தின் அடியிலும் பயணச் செலவு என்று எழுதி, சதக் கணக்குத் தவறாமல் கூட்டிப் போட்டிருக்கிறார். ஓராண்டில் எட்டுப் பயணங்கள். ஓர் இரவு தங்கிவந்த பயணமும் உண்டு. பதினைந்து நாள் காட்டில் கிடந்துவந்த பயணமும் உண்டு.

எங்கள் பிரதேசத்தின் வரலாற்றை எழுதியவர்கள் அரசர்களைப் பற்றியும் பறங்கியர், ஒல்லாந்தர், ஆங்கிலேயரைப் பற்றியும் நிறைய எழுதியிருக்கிறார்கள். குடாநாட்டுச் சனங்கள் வன்னிப் பெருநிலத்தோடு எவ்வாறு ஒட்டி உறவாடினார்கள் என்ற கேள்விக்கு அந்த நூல்களிலே விடை குறைவு. அப்புவின் பஞ்சாங்க ஓரத்தில் அது கிடைக்கிறது.

தமிழாசிரியன் என்பதால் இலக்கியத்தைத் தொடாமல் போக என்னால் இயலாது. வண்டியிலே குடும்பத்தோடு கூட்டமாகப் போவதும், போகும் வழியில் தங்கி உண்பதும் எங்களுக்குப் புதிய வழக்கமல்ல. உப்பு விற்கும் உமணர், காடிக் கலம் தொங்கும் வண்டியில், கைக்குழந்தையை உடைய பெண்ணே எருதை ஓட்டக் கூட்டமாகச் செல்வதைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. அதைவிட எனக்குப் பிடித்தது புறநானூற்றிலே ஒளவையார் சொல்லும் ஒரு சிறு விபரம். உமணர் தம் வண்டியின் கீழே சேமவச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போவார்களாம். மேடோ பள்ளமோ, அச்சு முறிந்தால் மாற்றிக்கொள்வதற்கு. பாடத்தை நடத்தும்போது மாணவர்கள் இவ்விடத்தில் விளங்காமல் விழிப்பார்கள். நான் விழித்ததில்லை. அப்புவின் வண்டிலுக்குக் கீழே அரிக்கன் லாம்பு தொங்கும் கொக்கிக்குப் பக்கத்தில் ஒரு மேலதிக அச்சு எப்போதும் கட்டிக் கிடக்கும். அதன் பெயர் சேமவச்சு என்று அவருக்குத் தெரியாது.

தாவளம் என்றொரு சொல்லும் உண்டு. தமிழில் அது தங்குமிடம். சிங்களத்திலே தவலம என்றால் பொதிமாட்டுக் கூட்டம். ஒரு மொழியில் தங்கும் இடத்தையும் மறுமொழியில் போகும் கூட்டத்தையும் கிட்டத்தட்ட ஒரே ஒலியால் சொல்லுகிறார்கள். சொல்லாராய்ச்சியில் அவசரப்படக் கூடாது என்பதால் இதற்குமேல் நான் போகவில்லை. ஆனால் போவதும் தங்குவதும் பழைய பயணத்தில் ஒரே காரியம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

வைகாசிப் பக்கத்துக்கு வருவோம். வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கல். வைகாசி விசாகத்தை அண்டிய திங்கட்கிழமையில் அது நடைபெறும். உரும்பிராயிலிருந்து ஐந்து வண்டில் போனதாகக் குறிப்பு. இன்று பஸ்ஸில் சில மணித்தியாலப் பயணம். அன்று நாலு இரவு. பகலில் மாட்டை வெயிலில் வருத்துவதில்லை. பொழுது சாயப் பூட்டி, நிலவிலும் லாம்பு வெளிச்சத்திலும் நடத்தி, விடிந்து வெயில் ஏறுமுன் மரநிழல் பார்த்து அவிழ்ப்பார்கள். முதல் அவிழ்ப்பு பளையில். அடுத்தது ஆனையிறவு கடந்து பரந்தனில். மூன்றாவது முறிகண்டிப் பிள்ளையாரடியில். அங்கே தேங்காய் உடையாமல் எந்த வண்டிலும் நகராது. இன்றும் எந்த வாகனமும் நகராது. பிறகு மாங்குளத்தில் கிழக்கே திரும்பி, ஒட்டுசுட்டான் வழியாக முள்ளியவளை.

மாங்குளம் தாண்டியபின் காடு. வண்டில்கள் இடைவெளி விடாமல் ஒன்றன்பின் ஒன்றாகப் போகவேண்டும். முன்வண்டிலை அனுபவசாலி ஓட்டுவார். நல்ல சோடி மாடு கடைசி வண்டிலுக்கு. யானை மறித்தால் கடைசி வண்டில்காரர்தான் கூட்டத்தைக் காக்கவேண்டும் என்பதல்ல காரணம். பின்தங்கும் மாடு பயந்து நின்றுவிடும் என்பதுதான். இதையெல்லாம் அப்பு எனக்குச் சொன்னது கதையாக அல்ல. ஏதோ எனக்கும் ஒருநாள் தேவைப்படும் என்பதுபோலச் சொன்னார்.

வற்றாப்பளை என்ற பெயருக்கு அங்குள்ள முதியோர் சொல்லும் விளக்கம் இவ்விடத்தில் பொருத்தமானது. மதுரையை எரித்த கண்ணகி ஈழத்துக்கு வந்து இடத்துக்கு இடம் தங்கிப் போனாளாம். அவள் பத்தாவதாகத் தங்கிய இடம் பத்தாப்பளையாகிப் பின் வற்றாப்பளை ஆயிற்றாம். ஆராய்ச்சியாளர் இதை ஏற்பார்களோ மாட்டார்களோ, நாலு இரவு வண்டிலில் குலுங்கி வந்து நந்திக்கடல் ஓரத்தில் மாட்டை அவிழ்த்தவனுக்கு இது நல்ல கதை. அம்மனும் எங்களைப்போல அங்கங்கே தங்கித்தான் வந்து சேர்ந்தாள்.

பொங்கலுக்கு முந்திய கிழமை சிலாவத்தைக் கடலிலே தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் அந்தக் கடல்நீரிலே விளக்கெரிப்பார்கள். அது காண்பதற்காகவே சிலர் முன்கூட்டி வந்து அங்கே தாவளம் போடுவார்கள். முல்லைமோடிக் கோவலன் கூத்து அந்தப் பிரதேசத்தின் சொத்து. யாழ்ப்பாணத்தான் சிலப்பதிகாரத்தைப் புத்தகத்திலே படித்தான். வன்னியான் அதை விடியவிடியக் கூத்தாடினான். பாய் விரித்து அதைப் பார்த்துவிட்டு ஊர்திரும்பிய எங்கள் கிழவிகளுக்குக் கோவலன் கதை, எனக்குப் பல்கலைக்கழகத்தில் கிடைத்ததைவிடக் கூடுதலாகத் தெரிந்திருந்தது. இதை நான் பணிவுக்காகச் சொல்லவில்லை.

பொங்கல் முடிந்து வெறும் வண்டிலோடு யாரும் திரும்புவதில்லை. போகும்போது பனங்கட்டி, பனாட்டு, ஒடியல், கடகம், பாய். வரும்போது நெல்லு, உழுந்து, தேன். சில வேளை வண்டில் நிறையக் காட்டுக்குழை. புகையிலைத் தோட்டத்துக்கு அதுதான் பசளை. பக்தியும் பண்டமாற்றும் ஒரே வண்டிலில் ஏறின என்று சொன்னால் யாரும் கோபிக்கக் கூடாது. அந்தக் கூடாரத்துக்குள்ளேதான் கலியாணப் பேச்சுகளும் நடந்தன. எங்கள் பெரியப்பா ஒருவர் முள்ளியவளையில் பெண்ணெடுத்தது இப்படி ஒரு பொங்கல் பயணத்தில்தான்.

அடுத்த குறிப்பு யூலை மாதம், மருதமடு. சைவக் கமக்காரருக்கு மடுவிலே என்ன வேலை? இளவாலையிலிருந்து ஒரு கத்தோலிக்கக் குடும்பம் வண்டிலை வாடகைக்குப் பேசியிருக்கிறது. ஒல்லாந்தர் காலத்தில், 1670 ஆம் ஆண்டளவில், மாந்தையிலிருந்து கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதா சொரூபத்தோடு காட்டுக்குள் ஒதுங்கிய இடம் அது என்பது வரலாறு. அடைக்கலம் தேடி வந்தவர்கள் உண்டாக்கிய தலத்துக்கு, அடியார்கள் ஆண்டுதோறும் வண்டில் கட்டிப்போய்க் கொப்புக் குடிசை போட்டு நாட்கணக்காகத் தங்கினார்கள். யூலை 2 இலும் ஆகஸ்ட் 15 இலும் அந்தக் காடு ஒரு பட்டணமாகிவிடும். அப்பு பதினைந்து நாள் அங்கே இருந்திருக்கிறார். மற்றவர்கள் செபம் சொல்ல இவர் மாட்டுக்குப் புல்லு வெட்டியிருக்கிறார். திரும்பும்போது பாம்புக் கடிக்கு நல்லதென்று மடு மண் ஒரு பொட்டலம். அது எங்கள் வீட்டுச் சாமியறையில் விபூதிக் குடுவைக்குப் பக்கத்தில் வெகுகாலம் இருந்தது. யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை.

ஆடி அமாவாசைக்குக் கீரிமலை, ஆவணிப் பூரணைத் தீர்த்தத்துக்குத் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி, புரட்டாதிப் பூரணைக்கு வல்லிபுர ஆழ்வாரின் சமுத்திர தீர்த்தம். இவை கிட்டடிப் பயணங்கள், ஓரிரு இரவு. சந்நிதியைச் சுற்றி மடங்கள் இருந்தன, சோற்றுக்குக் கவலையில்லை. வல்லிபுரத்திலோ மணல்தான் வில்லங்கம். சில்லு அச்சுவரை புதைந்துவிடும். எல்லோரும் இறங்கித் தள்ளவேண்டும். அந்த ஆண்டு சேமவச்சு அங்கேதான் உதவியது என்று குறிப்பில் இருக்கிறது.

இந்தக் கோயிலடிகளில் எல்லாம் ஊருக்கு ஒரு மரம் உண்டு. உரும்பிராயார் தங்கும் மருது, கோண்டாவிலார் தங்கும் புளி என்று எழுதாத உறுதி. பிள்ளைகள் தொலைந்தால் ஊர்ப்பெயரைச் சொன்னால் போதும்; மரத்தடிக்குக் கொண்டுவந்து விடுவார்கள். கூடாரத்தை வண்டிலிலிருந்து கழற்றி நிலத்தில் இறக்கினால் அது பெண்களும் குழந்தைகளும் படுக்கும் அறை. வண்டிலின் அடியில் ஆண்கள். நுகத்தடியில் மாடு. மூன்று கல்லு வைத்தால் அடுக்களை. அரை மணித்தியாலத்தில் ஒரு வீடு எழும்பிவிடும். விடிய அது வண்டிலாகிவிடும்.

நான் இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். அப்புவின் குறிப்பிலே எல்லாப் பெயர்களும் இல்லை. வண்டில்காரர்களின் பெயர்கள் உண்டு. பொங்கிய பெண்களின் உறவுமுறைகள் உண்டு. விறகு கொத்தியவர், கிடங்கு வெட்டித் தண்ணீர் கண்டவர், இரவில் லாம்போடு முன்னே நடந்தவர் யார்? மூன்று பேருக்குச் சாப்பாடு என்று மட்டும் எழுதியிருக்கிறது. அந்த மூவரும் எங்கள் வண்டிலில் ஏறவில்லை; நடந்தே வந்தார்கள். எங்கள் ஊர் மரத்தின் நிழலிலும் படுக்கவில்லை. கோயிலுக்கு வெளியே நின்று கும்பிட்டார்கள். சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957 இல்தான் வந்தது. அது வந்தும் பதினொரு ஆண்டு கழித்து, 1968 இல், மாவிட்டபுரத்து வாசலில் உள்ளே போவதற்குப் போராடவேண்டியிருந்தது. ஊரெல்லாம் ஒன்றாகப் போன இனிய காலம் என்று நாங்கள் பழசைப் பேசும்போது அந்த மூன்று சாப்பாட்டையும் கணக்கில் சேர்க்கவேண்டும். அவர்களுடைய பெயர்களை நான் அப்புவிடம் ஒருபோதும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், மறந்திருக்கமாட்டார்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழிப் பக்கங்கள் வெறுமை. மழைக்காலம். வண்டில் கொட்டிலில் நிற்கும். அச்சுக்கு வைக்கோற் கரியும் எண்ணெயும் குழைத்த மை பூசுவதும், கூடாரத்து ஓலைப்பாயைப் பிரித்துக் கட்டுவதும்தான் வேலை. ஐப்பசியில் வண்டில் பூட்டிப் பயணம் போகும் வழக்கம் எங்களிடம் இல்லை. மாசியில் சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சரம்; பாலாவித் தீர்த்தத்தைத் தாமே மொண்டு சுவாமிக்கு வார்க்கலாம் என்பதற்காக அத்தனை தூரம். பிறகு ஆண்டின் கடைசிப் பக்கமாகிய பங்குனி. பங்குனி உத்தரத்துக்குப் புளியம்பொக்கணை நாகதம்பிரான். பங்குனித் திங்களுக்கு மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மன்.

மட்டுவில் என்றால் எனக்குப் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை பிறந்த ஊர். அப்புவுக்குக் கத்தரிக்காய் விளையும் ஊர். பன்றித்தலைச்சியில் பொங்கலோடு கத்தரிக்காய்க் கறியும் படைக்க வேண்டும். கோப்பாயால் இறங்கி, கைதடிக் கடனீரேரியைக் கடந்தால் மூன்று மணித்தியாலத்தில் போய்விடலாம். எட்டுப் பயணங்களிலும் மிகச் சிறியது. ஓர் இரவு தங்கல். மன்மத வருடத்துப் பங்குனியில் ஒரு திங்கள்தான் போயிருக்கிறார். செலவுக் கணக்கில் கத்தரிக்காய் இல்லை; அங்கே யாரோ கொடுத்திருக்கவேண்டும்.

இந்தப் பயணங்கள் எப்படி மறைந்தன? றெயில் 1905 இலேயே குடாநாட்டைத் தெற்கோடு தொடுத்துவிட்டது. அதற்குச் சற்று முன்னர், அந்த ஆண்டு தை மாதத்தில், யாழ்ப்பாணக் கச்சேரிக்கு உத்தியோகத்துக்கு வந்த இளைஞர் லெனாட் வூல்வ், அநுராதபுரத்துக்கு வடக்கே தபால் வண்டி என்ற பெயரில் ஓடிய மாட்டுவண்டியில் தபால் மூட்டைகள்மேல் படுத்து வந்ததைத் தம் நினைவு நூலில் எழுதியிருக்கிறார். ஆனால் றெயில் கூடார வண்டிலைக் கொல்லவில்லை. கொழும்புக்குப் போகும் உத்தியோகத்தர் றெயிலில் போனார். அவருடைய தாயார் வற்றாப்பளைக்கு வண்டிலிலேயே போனார். வண்டிலை ஒதுக்கியது பஸ். 1958 ஆம் ஆண்டு பஸ் சேவை அரசுடைமையானபின் திருவிழாக்களுக்கு விசேட பஸ்கள் ஓடின. பிறகு உழவு இயந்திரத்தின் பெட்டியிலே ஊர்கூடிப் போகத் தொடங்கினார்கள். எழுபதுகளின் முடிவில் அப்புவின் வண்டில் கோழி அடைகாக்கும் இடமாகிவிட்டது என்று அப்பா சொல்வார்.

நான் பிறந்ததும் அக்காலத்தில்தான். ஆகவே கூடார வண்டிலை நான் கண்டிருக்கவே கூடாது. கண்டதற்குக் காரணம் போர். 1990 இல் குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை. சைக்கிள்தான் வாகனம். அடுத்த ஆண்டு அப்பு கோழிகளை விரட்டிவிட்டு வண்டிலை வெளியே இழுத்தார். எழுபத்தைந்து வயதைத் தாண்டிய மனிதர் ஆசாரியாரோடு உட்கார்ந்து சில்லுக்கு ஆரக்கால் மாற்றினார். ஒரு சோடி நாம்பன் வாங்கினார். பழைய பஞ்சாங்கத்தை எடுத்து எட்டுப் பயணத்தையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். வற்றாப்பளை, புளியம்பொக்கணை, மடு, கேதீச்சரம் நாலும் இல்லை. ஆனையிறவில் இராணுவ முகாம். வன்னிக்குப் போவோர் இரவில் கிளாலிக் கடலால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வள்ளத்தில் போனார்கள். கீரிமலையும் இல்லை, வலிகாமம் வடக்குச் சனங்களே இடம்பெயர்ந்து எங்கள் ஊரில் இருந்தார்கள். மிஞ்சியவை சந்நிதி, வல்லிபுரம், மட்டுவில்.

அந்த மூன்று இடத்துக்கும் நான் வண்டிலில் போயிருக்கிறேன். பதினொரு வயதிலிருந்து பதினைந்து வயதுவரை. பங்குனித் திங்களில் மட்டுவிலுக்குப் போகும் இரவுதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கைதடிப் பாலத்தில் காற்று கூடாரத்துக்குள் புகுந்து விசிலடிக்கும். அம்மம்மா புளிச்சாதத்தை வாழையிலையில் மூடி மடியில் வைத்திருப்பா. கோயிலடியில் அப்பு எனக்கு வேலை தருவார்: கூடாரத்தை எந்தப் பக்கமாகக் கழற்றுவது, மழை வந்தால் தண்ணீர் உள்ளே வராமல் எங்கே வாய்க்கால் கீறுவது, மாட்டை எந்தக் காற்றுப் பக்கம் கட்டுவது. எனக்கு அது விளையாட்டு.

1995 ஒக்ரோபர் 30. ஐப்பசி மாதம். வலிகாமத்தை விட்டு எல்லோரும் உடனே வெளியேறவேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மழை. ஏறக்குறைய ஐந்து இலட்சம் சனம் நாவற்குழி வழியாலும் கோப்பாய்–கைதடி வழியாலும் தென்மராட்சிக்கு நகர்ந்த அந்த இரவைப் பலர் எழுதிவிட்டார்கள். நான் திரும்ப எழுதப்போவதில்லை. எங்கள் வீட்டிலே நடந்ததை மட்டும் சொல்லுகிறேன். அப்பா சைக்கிளில் அரிசி மூட்டையைக் கட்டினார். அப்பு கொட்டிலுக்குள் நின்றார். அசையவில்லை. நான் போய்க் கூப்பிட்டேன்.

"தம்பி, ஐப்பசியிலை வண்டில் பூட்டிற வழக்கம் எங்களிட்டை இல்லை" என்றார்.

பிறகு பூட்டினார். அவர் சொன்னது அந்த ஒரு வசனம்தான்.

மூன்று மணித்தியால வழி, விடிந்து மத்தியானமும் கடந்துவிட்டது. பாலத்தடியில் ஒரே இடத்தில் மணிக்கணக்காக நின்றோம். வண்டிலில் எங்கள் வீட்டார் யாரும் இல்லை. வழியில் ஏற்றிய முதியவர்கள் நாலு பேரும் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தியும் இருந்தார்கள். நாங்கள் நடந்தோம். எங்கே போவதென்று யாரும் அப்புவைக் கேட்கவில்லை. மாடுகளுக்கு வழி தெரிந்திருந்தது. பன்றித்தலைச்சி அம்மன் கோயிலடிக்குப் போய் நின்றன.

உரும்பிராயாரின் மரத்தடியில் ஏற்கெனவே வேறு ஊரார் நிறைந்திருந்தார்கள். எந்த ஊர் மரமும் எந்த ஊருக்கும் இல்லை. அப்பு கூடாரத்தைக் கழற்றினார், நானும் பிடித்தேன். எந்தப் பக்கமாகக் கழற்றுவதென்று அவர் சொல்லவேண்டியிருக்கவில்லை. அதை இறக்கி அந்தக் கர்ப்பிணிப் பெண்ணுக்குக் கொடுத்தோம். சுற்றி வாய்க்கால் கீறினேன். அன்றிரவும் மறுநாளும் அயலில் இருந்தவர்கள் வந்து, எப்படிக் கீறுவது, மூன்று கல்லை மழையில் எப்படி மூடுவது என்று கேட்டுப்போனார்கள். பட்டணத்திலிருந்து வந்த ஒரு வங்கி முகாமையாளருக்கு நான் வாய்க்கால் கீறிக் கொடுத்தேன்.

கிணறுகளைப் பற்றியும் சொல்லவேண்டும். அப்பகுதியில் ஒரு வீட்டுக்காரர் இரண்டாம் கிழமை தம் கிணற்றுக் கயிற்றைக் கழற்றி உள்ளே வைத்துக்கொண்டார். தண்ணீர் வற்றிவிடும் என்று காரணம் சொன்னார். ஐப்பசி மழையில் கிணறு எப்படி வற்றும்? யார் யார் வந்து அள்ளுகிறார்கள் என்பதுதான் காரணம் என்று எல்லோருக்கும் தெரியும். அன்று அப்பு தம் மாட்டுக்கயிற்றை அவிழ்த்துக் கொண்டுபோய்க் கப்பியில் போட்டுவிட்டு, கிணற்றுக்கட்டில் பொழுதுபடும்வரை உட்கார்ந்திருந்தார். அந்த மூன்று சாப்பாட்டுக்காரரை அவர் நினைத்தாரோ தெரியாது. நான் இப்போது நினைத்துக்கொள்ளுகிறேன்.

ஆறு மாதம் அங்கே இருந்தோம். 1996 ஏப்ரலில் திரும்பினோம். கூடாரம் அங்கேயே உக்கிப்போயிற்று. மாடு ஒன்று மாசியில் செத்தது. மற்றதை ஒற்றையாக வைத்து வண்டில் இழுக்க முடியாது என்று விற்றார்கள். வெறும் வண்டிலைக் கையால் தள்ளிக்கொண்டு கைதடிப் பாலத்தைக் கடந்தோம். அப்பு அடுத்த ஆண்டு காலமானார்.

பின்னர் 2002 இல் கண்டி வீதி திறந்தது. 2006 ஆகஸ்டில் மூடியது. மடுவிலே தஞ்சம் புகுந்திருந்த சனங்கள் 1999 நவம்பரில் கோயில் வளவிலேயே எறிகணைக்குப் பலியானார்கள். 2008 ஏப்ரலில் மாதா சொரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்தது. 2009 மே மாதத்தில் நந்திக்கடலுக்கு அப்பால் நடந்ததை நான் விபரிக்கத் தேவையில்லை. இப்போது எட்டு இடங்களுக்கும் போகலாம். சென்ற ஆண்டு நான் பஞ்சாங்க வரிசைப்படியே எட்டுக்கும் போய்வந்தேன். பஸ்ஸிலும் மோட்டார் சைக்கிளிலும். வற்றாப்பளையில் ஓர் இரவு மரத்தடியில் பாய் விரித்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் வான் பிடித்து வந்து பொங்கி, விடியுமுன் ஏறிப்போய்விட்டார்கள். எந்த ஊர் என்று ஒருவரையொருவர் கேட்கக்கூட நேரம் இருக்கவில்லை. மட்டுவிலில் மட்டும் நாலைந்து மாட்டுவண்டில் நின்றன. இளம்பெடியன்கள் ஓட்டிவந்திருந்தார்கள், கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றின் அடியில் குனிந்து பார்த்தேன். சேமவச்சு இல்லை. தகரக் கூடாரம்.

அப்பு குறிப்பெழுதிய பஞ்சாங்கம் இன்னொன்றும் என்னிடம் இருக்கிறது. யுவ வருடத்துக்குரியது, 1995 சித்திரை முதல் 1996 பங்குனி வரை. இடம்பெயரும்போது வேட்டிக்குள் மடித்துக் கொண்டுவந்திருக்கிறார் என்பதே அவர் செத்தபிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது. ஆவணியில் சந்நிதி இருக்கிறது; புரட்டாதியில் வல்லிபுரம் இருக்கிறது. ஐப்பசிப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. கடைசிப் பக்கம் பங்குனி. அவ்வருடம் பங்குனித் திங்கள் நாலு. நாலு நாளையும் கோடு போட்டு, ஒவ்வொன்றுக்கும் நேரே மட்டுவில் என்று எழுதியிருக்கிறார். நாலு திங்களும் அம்மனுக்குப் பொங்கியது அவர் வாழ்நாளில் அந்த ஒரு முறைதான். கீழே வழக்கம்போலப் பயணச் செலவு என்று எழுதி, அதன் எதிரே ஒரு சுழியம் போட்டிருக்கிறார்.